வீடற்றோர் தங்கலும் உணவும்: அஞ்சுகிராமம் வட்டாரம்

அஞ்சுகிராமம், கன்னியாகுமரி மாவட்டம் அகஸ்தீஸ்வரம் வட்டத்தின் கிழக்கு விளிம்பிலுள்ள பேரூராட்சி. இதைக் கடந்தால் திருநெல்வேலி மாவட்டத்து ராதாபுரம் வட்டம். 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தில் இணையும்வரை இவ்விடம் திருவிதாங்கூரின் (பின்னர் திருவிதாங்கூர்–கொச்சியின்) எல்லையூர். ஆகவே இரவில் தலைசாய்க்க இடமில்லாதோருக்கு இங்கு இருந்த ஏற்பாடுகளில் பாண்டிநாட்டுச் சத்திர மரபும் திருவிதாங்கூர் ஊட்டுப்புரை மரபும் கலந்திருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் சாமித்தோப்பிலிருந்து நிழல் தாங்கல் என்ற மூன்றாவது மரபொன்றும் சேர்ந்தது.

பழைய தங்கிடங்களின் வகை

வழியம்பலம்: நாஞ்சில் நாட்டுப் பழஞ்சாலைகளில் காணப்படும் கல்மண்டபம். கற்றூண்கள்மேல் பலகைக்கல் பாவிய கூரை; பின்புறம் மட்டும் சுவர், அல்லது நாற்புறமும் திறப்பு. அருகில் கிணறோ குளமோ இருக்கும். கதவு இல்லை, பூட்டு இல்லை, காவலாளும் இல்லை. வந்தவர் பெயர் கேட்க ஆளில்லாத தங்கிடம் என்ற அளவில், இன்றைய காப்பகங்கள் எட்டாத ஒரு வசதி இதற்கு இருந்தது. பாறைக்குப் பஞ்சமில்லாத நாடு இது. பக்கத்து ஊரான மயிலாடியில் கல்தச்சர்கள் இன்றும் வேலை செய்கிறார்கள். அதனால் இங்கு மண்டபங்கள் மரத்தாலன்றிக் கல்லால் அமைந்தன. சாலைகளை அகலப்படுத்தியபோது பல மறைந்தன. எஞ்சியவற்றில் சில பேருந்து நிழற்குடைகளாகவோ கடைகளாகவோ மாறின.

சத்திரம்: தங்கலோடு உணவும் உண்டு. மதுரையை 1689 முதல் 1706 வரை ஆண்ட ராணி மங்கம்மாள் அமைத்த சாலைகளும் சத்திரங்களும் தென்பாண்டி நாட்டில் இதற்கு முன்மாதிரியாக அமைந்தன. நிலம் எழுதிவைத்து, அதன் விளைச்சலில் நடத்துவது வழக்கம். நிலம் கைமாறிய இடங்களில் அடுப்பு முதலில் அணைந்தது. கட்டடம் அதன்பின் சில தலைமுறை நின்றது.

மடம்: பெரும்பாலும் சாதியார் தம்மவருக்குக் கட்டியது. திருச்செந்தூருக்கு நடைப்பயணம் போவோர் கணிசமாகப் பயன்படுத்தினர்.

தண்ணீர்ப்பந்தல்: கோடையில் மட்டும். ஓலைப்பந்தல், மண்பானை, சம்பாரம் (நீர்மோர்). தங்கிடமாகக் கொள்ள முடியாது என்றாலும் இந்த வரிசையில் சேர்ப்பது மரபு.

சுமைதாங்கி: இரண்டு நடுகற்கள், மேலே ஒரு குறுக்குக்கல். கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக நட்டவை. தலைச்சுமையை இறக்கிவைத்து இளைப்பாற உதவும்.

ஊட்டுப்புரை

திருவிதாங்கூர் அரசு பிராமண வழிப்போக்கர்களுக்கு இலவச உணவு அளித்த இடம் ஊட்டுப்புரை. தனியே கட்டப்பட்டதும் உண்டு, கோயிலை ஒட்டியதும் உண்டு. ஆங்கிலேய ரெசிடென்ட் கர்னல் மன்றோ 1811இல் கோயில் நிலங்களை அரசின் பொறுப்பில் கொண்டுவந்தபின், கோயில் செலவும் கோயில் சார்ந்த ஊட்டின் செலவும் அரசுக் கணக்கில் ஏறின. அரண்மனை சார்ந்த எழுத்துகள் இதைத் தருமம் என்கின்றன. எல்லாச் சாதியார் வரியிலிருந்தும் ஒரு வகுப்பாருக்கு மட்டும் இலையிட்ட ஏற்பாடு இது. சலுகை என்பதே பொருந்தும். பசித்து வந்த புலையரும் சாம்பவரும் அதன் வாசலருகேகூட வர இயலாது. தெருவில் நடப்பதற்கே 1926இல் சுசீந்திரத்தில் சத்தியாகிரகம் வேண்டியிருந்தது. கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12 அன்று. வழியம்பலத்தின் திறந்த வாசலையும் இந்த வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும்: கதவில்லாத மண்டபமாக இருந்தாலும் அது நின்ற சாலை எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை.

நிழல் தாங்கல்

அய்யாவழியைத் தோற்றுவித்த அய்யா வைகுண்டர் (மறைவு 1851) சாமித்தோப்பில் எல்லாச் சாதியாரும் நீரெடுக்க ஒரே கிணற்றையும், ஒரே பந்தியில் உண்ணும் முறையையும் ஏற்படுத்தினார். முத்திரிக்கிணறு எனப்படும் அக்கிணறு இன்றும் அங்கு உள்ளது. அவர் காலத்திலேயே ஊர்தோறும் நிழல் தாங்கல்கள் எழுந்தன. செட்டிகுடியிருப்பு, அகஸ்தீஸ்வரம், பாலூர், சுண்டவிளை, வடலிவிளை, கடம்பன்குளம், பாம்பன்குளம் ஆகிய ஏழும் முதன்மையானவை. வழிபாட்டிடம் என்பதோடு, வந்தவர்க்கு அன்னமும் தங்கலும் தரும் இடமாகவும், சிறுவர்க்கு எழுத்தறிவிக்கும் இடமாகவும் இவை விளங்கின. செலவு ஊராரின் அரிசியும் காசும். அரசு மானியம் கிடையாது. இதே சுற்றுவட்டத்தில் மயிலாடியில் 1809இல் மிஷனரி ரிங்கல்தௌபே கட்டிய தேவாலயத்தைச் சூழ்ந்தும் உதவிப் பணிகள் வளர்ந்தன. ஆயினும் சோறும் இடமும் சேர்ந்து, சாதி கேளாமல், உள்ளூராராலேயே நடந்தது நிழல் தாங்கலில்தான்.

பேரிடர்த் தங்கல்

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி முதலிய கடற்கரையூர்கள் பெருஞ்சேதம் கண்டன. மணக்குடிப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. மக்கள் பள்ளிகள், தேவாலயங்கள், திருமண மண்டபங்களில் தங்கினர். பின்னர் தற்காலிகக் குடியிருப்புகளும் நிலைக் குடியிருப்புகளும் அமைந்தன. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தபோதும் இதே கட்டடங்களே திறக்கப்பட்டன. பேரிடரில் வீடிழந்தவருக்குப் பட்டியல், நிவாரணம், புதுவீடு என ஒரு முறை உண்டு. குடும்பம் கைவிட்டதால் வெளியேறியவருக்கு அத்தகைய பட்டியல் இல்லை.

சட்டமும் இன்றைய நிலையும்

பிச்சையெடுத்தலைத் தடுக்கும் சென்னைச் சட்டம் 1945இல் வந்தது. வீடற்றவரைத் தண்டனைக்குரியவராகப் பார்த்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றோர் பிப்ரவரி 28 இரவில் எண்ணப்பட்டனர். இந்தியா முழுவதும் 17.7 லட்சம் பேர். உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் ஒரு லட்சம் நகர மக்களுக்கு ஓர் இரவுபகல் காப்பகம் என்ற அளவை வகுத்தது. 2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதை ஏற்று, ஒருவருக்கு 50 சதுர அடி, ஒரு காப்பகத்தில் 50 முதல் 100 பேர் என்று விதி செய்தது. சென்னையில் இத்தகைய காப்பகங்கள் நாற்பதுக்கும் மேல். லட்சம் பேருக்கு ஒன்று என்ற கணக்கு என்பதால் அஞ்சுகிராமம் போன்ற பேரூராட்சிகள் தாமாக ஒன்றைக் கோர முடியாது. அருகிலுள்ள பெரிய நகரம் நாகர்கோவில்.

1979இல் கன்னியாகுமரிக்கு ரயில் வந்தபின், வடநாட்டிலிருந்து கடைசி நிலையம்வரை வந்து இறங்கி, திரும்பத் தெரியாமல் சுற்றும் மனநோயாளிகளும் இவ்வட்டாரச் சிக்கலில் சேர்ந்தனர். இவர்களைப் பாதுகாப்பில் எடுப்பது காவல் நிலையத்தின் கடமை என 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் கூறுகிறது. முதியோருக்கு 1962 முதல் மாநில ஓய்வூதியம் உண்டு. 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்தது. விண்ணப்பத்துக்கு முகவரிச் சான்று வேண்டும்.