வுச்சீரியாவில் ஒரு முற்றத்து விற்பனை

கனடாவில் இருக்கும் ஒன்றுவிட்ட தங்கச்சி ஒவ்வொரு கோடைக்கும் வீட்டு வாசலில் 'யார்ட் சேல்' போடுவா. பழைய கதிரை, பிள்ளைகளின் சைக்கிள், பாவித்த உடுப்பு எல்லாத்தையும் புல்லில் பரப்பி, பின்னேரம் எவ்வளவு சேர்ந்தது என்று போன் எடுத்துச் சொல்லுவா. நாங்கள் வீடு மாறப்போகிறோம் என்றதும், "அப்ப நீங்களும் ஒண்டு போட்டுப் பாருங்கோவன் அண்ணா" என்றா. எனக்குச் சிரிப்பு வந்தது. பலெர்மோவில் வுச்சீரியாச் சந்தைக்குள் மூன்றாம் மாடியில் இருக்கிறவனுக்கு ஏது வளவு?

பிறகு யோசித்துப் பார்த்தேன். வீட்டு வாசலில் பரப்பி விற்பது இந்தத் தெருக்களுக்குப் புதிசே இல்லை.

வுச்சீரியா என்ற பெயர் இறைச்சிக்கடையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லில் இருந்து வந்தது. சிசிலிப் பேச்சில் இப்போது அதுக்குச் சத்தம், குழப்பம் என்றும் கருத்து. லா காலா என்ற பழைய துறைமுகம் பக்கத்தில் இருந்ததால் கடலால் வந்த சாமான் எல்லாம் இங்கே இறங்கியது. தெருப் பெயர்களைப் பாருங்கள்: பெட்டி செய்பவர் தெரு, மெத்தை தைப்பவர் தெரு, திறப்பு செய்பவர் தெரு, மக்ரோனி செய்பவர் தெரு. கீழே பட்டறையும் கடையும், மேலே குடும்பம். 1783இல் அரசப் பிரதிநிதி கராச்சியோலோ நடுச் சதுக்கத்தைத் திருத்தி, சுற்றிவர வளைவு மண்டபங்கள் வைத்துக் கடைகளை ஒழுங்குபடுத்தினார். சதுக்கத்துக்கு இன்றைக்கும் அவர் பெயர்தான்.

பகேரியாவில் பிறந்த ஓவியர் ரெனாத்தோ குத்தூசோ 1974இல் இந்தச் சந்தையைப் பெரிய ஓவியமாகக் கீறினார். தொங்கும் மாட்டிறைச்சி, வாள்மீன், முட்டை, தோடம்பழம், நடுவில் நெருக்கியடித்துப் போகிற சனம். ஆனால் அதை அவர் கீறியது இங்கே இல்லை, வட இத்தாலியில் வெலாத்தேயில் இருந்த தன் வீட்டில். ஊரை விட்டுத் தூர இருக்கிறவனுக்குத்தான் ஊர்ச் சந்தை அவ்வளவு துலக்கமாகத் தெரியும் போல. படம் இப்போது ஸ்தேரி மாளிகையில், பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது.

நடக்கவே நடக்காத காரியத்தை, வுச்சீரியாவின் கல்லுத்தரை காயும்போது நடக்கும் என்று பலெர்மோக்காரர் சொல்லுவார்கள். மீனும் ஐசும் தண்ணீரும் வழிந்து தரை எந்நேரமும் ஈரமாய் இருந்த காலத்துப் பேச்சு அது. இப்போது கல்லு காய்ந்துதான் கிடக்கிறது. மரக்கறிக்கும் மீனுக்கும் சனம் பல்லாரோவுக்கும் காப்போவுக்கும் போகிறது. இங்கே இரவில் குடியும் பொரியலும் பாட்டும்தான். 2015இல் பலெர்மோவின் அரபு-நோர்மன் கட்டிடங்கள் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. 2018இல் இது இத்தாலியின் கலாசாரத் தலைநகர். உல்லாசப் பயணிகள் கூடக் கூட, குடும்பங்கள் இருந்த வீடுகள் நாள்வாடகை அறைகளாக மாறின. எங்களுக்கும் அப்படித்தான் இரண்டு மாத அவகாசத்தோடு அறிவித்தல் வந்தது.

சரி, விற்பனைக்கு வருவோம். தெருவில் பரப்புவதென்றால் மாநகரசபை அனுமதி வேண்டும். அதனால் கட்டிடத்தின் உள்முற்றத்தைத்தான் யோசித்தோம். எல்லா மாடிக்காரரிடமும் கேட்டு ஒரு ஞாயிறு காலையை ஒதுக்கினோம். இரண்டு கிழமைக்கு முன்னமே சாமானைப் பிரித்துக் கழுவித் துடைத்தோம். மகள் இத்தாலியனில் விலை எழுதி ஒட்டினாள். மனைவி சில்லறைக்காசு சேர்த்து வைத்தா. கிரைண்டரும் மின்விசிறியும் வேலை செய்யுது என்று காட்ட நீட்டு வயர் ஒன்று இழுத்தேன். அலுமாரியை முற்றத்து வாசலுக்கு நேரே வைத்தோம், தெருவால் போகிறவர் கண்ணில் படட்டும் என்று. கூவி விற்கிறதை இங்கே 'அப்பன்னியாரி' என்பார்கள். கீழ்வீட்டுக் கிழவர் ஒரு காலத்தில் சந்தையில் மீன் விற்றவர், கேட்காமலே வந்து எங்களுக்காகக் கூவத் தொடங்கிவிட்டார்! பத்து மணிக்கு முற்றம் நிறைந்துபோச்சு. மத்தியானம் எண்ணிப் பார்த்தால் 312 யூரோ.

கடைசியாக ஒரு வங்காளதேசப் பெடியன் வந்தான். வந்து ஒரு மாதம்தானாம். கம்பளியையும் பெரிய சட்டியையும் தூக்கிப் பார்த்தான். 15 யூரோ எழுதியிருந்தது. கையில் இருந்த 6 யூரோவைக் காட்டினான். மனைவி என்னைப் பார்த்தா.

எனக்கு 1995 ஞாபகம் வந்தது. ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழும்பி நடந்தபோது எனக்குப் பதினைந்து வயது. செம்மணியால் நாவற்குழிப் பாலம் தாண்டி, மழைக்குள் சாவகச்சேரிக்குப் போய்ச் சேர்ந்தோம். சைக்கிளில் கட்டி வந்த பித்தளை அண்டாவையும் குத்துவிளக்கையும் அம்மா ஒரு கிழமையில் ரோட்டோரம் வைத்து வித்தா. வாங்கினவர் சொன்னதுதான் விலை. அம்மா பேரம் பேசவில்லை, பேச நேரமும் இல்லை. அரிசி வேண்டவேணும். அந்த ஆளைக் கன காலம் திட்டிக்கொண்டு திரிந்தேன். அவரும் இடம்பெயர்ந்தவராய் இருந்திருக்கலாம் என்று இப்போதுதான் நினைக்கிறேன்.

அந்த விற்பனைக்கும் இந்த விற்பனைக்கும் இடையில் இருந்தது அந்த இரண்டு மாதம்தான். கழுவி, விலை எழுதி, 'இல்லை, இந்த விலைக்குத் தரமாட்டேன்' என்று சொல்ல நேரம் இருந்தது. அந்த நேரம் கிடைக்கிறவன்தான் விற்பனை செய்கிறான், மற்றவன் இழக்கிறான்.

பெடியனிடம் 6 யூரோவை வாங்கினேன். சும்மா குடுத்தால் வெட்கப்படுவான். சட்டிக்குள் ஒரு கரண்டியையும் போட்டுவிட்டேன்.

குத்துவிளக்கு மட்டும் விற்பனைக்கு வைக்கவில்லை. அது இங்கே வந்தபிறகு வேண்டினது, பழசும் இல்லை, பெறுமதியும் இல்லை. தங்கச்சி போனில், "எல்லாம் வித்துப்போட்டியளோ?" என்று கேட்டா. "ஓம், எல்லாம்" என்றேன்.