துறைமுக எழுத்தரின் பகா எண் வாய்ப்பாடு

கொருக்குப்பேட்டைக்கு அருகிலுள்ள ராயபுரத்தில், கணித ஆசிரியர் பி. கே. சீனிவாசனின் முயற்சியால் 1993ஆம் ஆண்டு இராமானுஜன் அருங்காட்சியகம் உருவானது. அது வடசென்னையில் அமைந்தமை பொருத்தமே. சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் ஊதியம் பெற்ற எழுத்தராகவே, 1913 சனவரி 16 அன்று இராமானுஜன் ஹார்டிக்கு முதற்கடிதம் எழுதினார்.

ஓர் எண்ணுக்குள் அடங்கும் பகா எண்களின் எண்ணிக்கையைத் தரும் சார்பைக் கண்டதாகவும், எண் எவ்வளவு பெருகினும் வேறுபாடு சிறிதாகவே நிற்கும் என்றும் அதில் உரைத்தார். ரீமான் 1859இல் கண்ட வடிவத்தை அவர் அறியாமலேயே எட்டியிருந்தார். பத்து இலட்சத்துக்குள் உள்ள பகா எண்கள் 78,498. மடக்கைத் தொகையீடு ஏறத்தாழ 130 மிகுத்துக் காட்ட, இச்சார்பு மிகுத்துக் காட்டுவது 29 மட்டுமே. பத்துக் கோடியில் அவை முறையே 754, 97. ஆனால் ஆயிரம் கோடியில் இச்சார்பு 1,828 குறைத்துக் காட்டுகிறது. 'சிறிய வேறுபாடு' என்னும் கூற்று அங்கே தகர்கிறது.

காரணத்தை உணர்ந்தவர் லிட்டில்வுட். ஸீட்டா சார்பின் கலப்பெண் பூச்சியங்களே இப்பிழையை அலைபோல ஏற்றி இறக்குபவை. இராமானுஜனின் வாதத்தில் அவற்றுக்கு இடமே இல்லை. தமிழ்ப் புகழுரைகள் பெரும்பாலும் இதனைக் கடந்து செல்கின்றன. ஹார்டியோ இத்தோல்வியை வெற்றிகளினும் வியப்புக்குரியதாக எண்ணினார். மடக்கைத் தொகையீடும் எப்போதும் மிகுத்துக் காட்டாது, முடிவின்றிக் குறி மாறும் என்று லிட்டில்வுட் 1914இல் நிறுவினார். அவ்வாண்டு ஏப்ரலில் இராமானுஜன் இங்கிலாந்தை அடைந்தார்.