துறை மறந்த ஊர்: மகாவலியும் கண்டிப் பிள்ளைகளும்

பாடசாலை விடுமுறை தொடங்கினால் நம் பத்திரிகைகளில் ஒரு செய்தி தவறாமல் வரும். நீராடச் சென்ற மாணவன் நீரில் மூழ்கிப் பலி. பெயரும் ஊரும் மட்டும் மாறும். ஒருநாள் மகாவலி, மறுநாள் ஏதோ ஒரு நீர்வீழ்ச்சி, அதற்கடுத்த நாள் ஒரு நீர்த்தேக்கம். சில தடவைகளில் ஒருவரைக் காப்பாற்றக் குதித்த இன்னொருவரின் பெயரும் சேர்ந்து வரும். கடைசி வரியில் பொலிஸார் மேலதிக விசாரணைகளை மேற்கொண்டு வருவார்கள்.

செய்தியைப் படித்துவிட்டு வீட்டில் அம்மாமார் சொல்வதும் ஒரே வசனம்தான்: "ஆத்துப் பக்கம் தலைவச்சும் படுக்காதே." அந்தப் பயத்தை நாங்கள் கேலி செய்ய வரவில்லை. ஆனால் மூன்று பக்கமும் ஆறு சுற்றி ஓடுகிற ஒரு நகரத்தில், பிள்ளைகளுக்குத் தண்ணியைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க இந்த ஒரு வசனம் மட்டும் மிஞ்சியது எப்படி? விடுமுறையில் சிறுவர்களுக்கு மிதக்கவும் துடுப்புப் போடவும் கற்றுக்கொடுக்கும் முகாம் என்று யாராவது பேச்செடுத்தால், "அதெல்லாம் வெள்ளைக்காரன் விளையாட்டு" என்று சிரிக்கிறோமே, அது வரலாற்றுப்படி சரிதானா?

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பேராதனையில் பூங்காவைச் சுற்றி வளைந்து, கெட்டம்பே, கன்னொறுவை, ஹல்லொலுவ, கட்டுகஸ்தோட்டை என்று வடக்கே ஏறி, பொல்கொல்லையில் திரும்பி, லெவெல்ல, தென்னக்கும்புர பக்கமாகக் கிழக்கே இறங்குகிறது மகாவலி. இதில் கட்டுகஸ்தோட்டை என்ற பெயரைத் தமிழில் கேட்கும் பலர் அதைத் தேயிலைத் தோட்டம் என்றே நினைக்கிறார்கள். சிங்களத்தில் 'தொட்ட' என்றால் துறை, ஆற்றைக் கடக்கும் இடம். அம்பாந்தோட்டையிலும் அதே சொல்தான். நாம் வல்வெட்டித்துறை, பருத்தித்துறை என்று சொல்வதைப்போலத்தான் இந்த மலைநகரத்தைச் சுற்றியும் துறைகள் இருந்தன. பெயர் இன்னும் இருக்கிறது, துறைதான் போய்விட்டது.

துறைகள் இருந்ததற்குக் காரணம் பாலங்கள் இல்லாததுதான். 1660இல் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, 1679இல் தப்பியோடும்வரை கண்டி இராச்சியத்துக்குள் இருந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தன் புத்தகத்தில் மகாவலியைப் பற்றி எழுதியிருக்கிறார். நீரோட்டம் பலமானது, ஆற்றுக்குப் பாலம் கிடையாது, தன் நாட்டுக்குள் ஆட்கள் சுலபமாகப் போய்வருவதை அரசனும் விரும்பவில்லை, சனங்கள் தோணியில்தான் கடக்கிறார்கள் என்பது அவர் சொல்வதன் சாரம். அந்த அரசன் இரண்டாம் இராஜசிங்கன். 1638இல் கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படையை அழித்தவன். ஆறு அவனுக்கு மதில்.

மதில் என்றால் அதில் வாசலும் வேண்டும். அந்த வாசல் ஓடக்காரர்களின் கையில் இருந்தது. எந்த மாதத்தில் தண்ணி எவ்வளவு ஏறும், எந்தக் கல்லுக்குப் பின்னால் சுழி, எங்கே இறங்கி நடக்கலாம், கலங்கல் நிறம் மாறினால் மேலே எங்கே மழை என்பதெல்லாம் அவர்களுக்குக் கைப்பழக்கம். வரலாற்றுப் புத்தகங்களில் இவர்களுக்குப் பெயர் கிடையாது. எங்கள் பாடத்திட்டத்தில் அரசர்களும் ஆளுநர்களும் நிறைய உண்டு, ஒரு ஓடக்காரர்கூட இல்லை.

அந்த அறிவு இல்லாதவர்களுக்கு ஆறு என்ன செய்யும் என்பதற்கு 1803 ஜூன் மாதத்தை விடப் பெரிய சாட்சி வேண்டாம். அந்த ஆண்டு தொடக்கத்தில் கண்டியைப் பிடித்த பிரித்தானியர், முத்துசாமி என்ற நாயக்க வம்சத்து இளவரசரைத் தங்கள் அரசராக உட்காரவைத்துவிட்டு, மேஜர் டேவியின் கீழ் ஒரு காவற்படையை நிறுத்திவிட்டுப் போனார்கள். காய்ச்சல் அந்தப் படையைத் தின்றது. ஜூன் 24ஆம் திகதி கண்டிப் படை தாக்கியபோது டேவி சரணடைந்து, முத்துசாமியையும் கூட்டிக்கொண்டு திருகோணமலைப் பாதையில் வெளியேறினார். வட்டப்புளுவவில் மகாவலி குறுக்கே நின்றது. தென்மேற்குப் பருவமழைக் காலம், ஆறு கரைபுரண்டு ஓடியது. தோணி இல்லை, ஓடக்காரர் இல்லை. மூங்கில் தெப்பம் கட்டப் பார்த்தார்கள், சரிவரவில்லை. துப்பாக்கியும் பீரங்கியும் தெரிந்த ஒரு படை ஒரு ஆற்றின் கரையில் நாட்கணக்கில் நின்றது. முத்துசாமியைக் கண்டியரிடம் ஒப்படைத்தார்கள், அவர் கொல்லப்பட்டார். பிறகு படையினரும் கொல்லப்பட்டார்கள்.

கொன்றது ஆறல்ல, கண்டி அரசின் ஆட்கள். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அவர்களை அந்த இடத்தில் நிறுத்திவைத்தது மழைக்கால மகாவலி. அதே மகாவலியில் அதே ஜூன் மாதத்தில் இன்றும் தண்ணி ஏறும். எந்த மாதம் ஆற்றில் இறங்கலாம், எந்த மாதம் கரையில் நிற்க வேண்டும் என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறோம்?

1815இல் கண்டி முழுதாகப் பிரித்தானியர் கைக்குப் போனது. அவர்களுக்கு மதில் தேவைப்படவில்லை, தெருதான் தேவைப்பட்டது. 1833இல் பேராதனையில் முதிரை மரத்தால் ஒற்றை வளைவுப் பாலம் எழுந்தது. நீளம் 205 அடி. ஒரு ஆணிகூட அடிக்காமல் கட்டியது என்று சொல்வார்கள். 1905இல் அதை எடுத்துவிட்டு இரும்புப் பாலம் போட்டார்கள். இடையில், 1867இல், ரயில் ஆற்றைத் தாண்டிக் கண்டிக்கு வந்தது. பாலம் வந்ததை யாரும் குறை சொல்ல முடியாது. மாத்தளைப் பக்கமாகக் கால்நடையாக வந்து இந்த மலைகளில் கோப்பி நட்ட எங்கள் முன்னோருக்கும் ஆறு ஒரு தடைதான். ஆனால் ஒவ்வொரு பாலமும் ஒரு துறையை மூடியது. துறை மூடியதும் தோணி போனது, தோணி போனதும் அதில் ஏறி அப்பனைப் பார்த்துத் துடுப்புப் பிடிக்கப் பழகிய பிள்ளையும் போனான்.

பிறகு அணைகள் வந்தன. 1976இல் பொல்கொல்ல. அங்கே மறிக்கப்படும் தண்ணீர் சுமார் 8 கிலோமீற்றர் சுரங்கத்தின் வழியே உக்குவெலைக்குப் போகிறது. 1985இல் மேலே கொத்மலை, கீழே விக்டோரியா. பழைய தெல்தெனிய நகரம் விக்டோரியாவுக்குள் மூழ்கியது. அணைக்கு மேலே தேங்கி நிற்கும் தண்ணீரைப் பார்த்தால் குளம்போல இருக்கும், அதனாலேயே அது ஏமாற்றும். மேலே மழை பெய்து வான்கதவு திறந்தால் கீழே நிற்பவனுக்கு வானம் வெளித்துத்தான் தெரியும், தண்ணி மட்டும் ஏறும். போதாததற்கு, மணல் அள்ளிய இடங்களில் முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியில் தலைக்கு மேல் குழி. நேற்று நின்ற இடம் இன்று இல்லை. ஆக, பழைய ஓடக்காரர் இன்று உயிரோடு வந்தாலும் இந்த ஆற்றைப் புதிதாகத்தான் படிக்க வேண்டியிருக்கும்.

நகரத்துக்கு நடுவே இருக்கும் வாவியின் கதை இன்னும் சுவாரஸ்யம். கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் வயல்வெளியை மறித்துக் கட்டத் தொடங்கியது அது. 'கிரி முஹுத', பாற்கடல் என்று பெயர். இராஜகாரியத்தில் கூலியில்லாமல் சனம் மண் சுமந்தது. கரையில் ராணிமார் குளிக்க ஒரு மண்டபம்கூட உண்டு. இன்று சுற்றுலாப் பயணிகளைச் சுற்றிக்காட்டும் படகு ஓடுகிறது, மற்றவர்கள் மதிலில் சாய்ந்து செல்ஃபி எடுக்கிறோம். கண்டிப் பிள்ளைக்கு மிக அருகில் உள்ள தண்ணீர், தொடக்கூடாத தண்ணீர்.

ஆண்டுக்கு ஒருநாள் மட்டும் பழைய துறை உயிர்க்கும். எசல பெரஹரா முடிந்ததும் கெட்டம்பேயில் நீர் வெட்டும் சடங்கு. பூசகர் தோணியில் போய், வாளால் தண்ணீரை வெட்டி, அந்த இடத்தில் குடத்தில் நீர் மொள்ளுவார். நம் கோவில் தீர்த்தத் திருவிழாவைப் பார்த்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. சடங்குக்காவது ஒருவருக்குத் தோணி தேவைப்படுகிறது என்பதில் எங்களுக்கு ஒரு சின்னச் சந்தோஷம்.

கரையோரத் தமிழர்களின் கதை இதற்கு நேர்மாறாகப் போனது. 1954இல் தொண்டைமானாற்று நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்குப் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். 1971இல் வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் போயும் வந்தும் காட்டினார். 1984இல் ஆங்கிலக் கால்வாயில் நீந்தும்போது இறந்தார். அவர்கள் பிறவியிலேயே மீன்கள் அல்ல. வாசலில் கடல், வீட்டில் கடலோடி, ஊரில் வள்ளம். பழக்கம் இருந்த இடத்தில் திறமை வந்தது. மலையகத்தில் லயத்துக்குக் கீழே ஆறோ நீர்த்தேக்கமோ இருக்கும், பழக்கம் மட்டும் இருக்காது.

பழக்கம் இருந்தாலும் போதாது என்பதை அதே மகாவலி விழும் கொட்டியாரக் குடாவின் பக்கத்தில் பார்த்தோம். 2021 நவம்பர் 23 காலை, கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்ததால் தற்காலிகமாக ஓடிய படகுப்பாதை கவிழ்ந்தது. கிழக்கில் இதைப் 'பாதை' என்றே சொல்வார்கள், பாதை என்று நம்பித்தான் ஏறுவார்கள். பள்ளிக்குப் போன பிள்ளைகளும் இறந்தவர்களில் இருந்தார்கள். தண்ணியோடு வாழ்கிற ஊரில்கூட, அங்கி இல்லாமல், அளவுக்கு மேல் ஏற்றிப் போகும் படகில் தனி ஒருவரின் நீச்சல் என்ன செய்யும்?

இலங்கையில் ஆண்டுக்குச் சராசரியாக 800க்கும் மேற்பட்டோர் மூழ்கி இறந்ததாக 2014இல் வெளியான ஒரு அறிக்கை கணக்கிட்டது. உலக அளவில் 2021இல் சுமார் 3 இலட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஆண்டு ஏப்ரலில்தான் பங்களாதேஷும் அயர்லாந்தும் முன்னின்று ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானம் கொண்டுவந்து ஜூலை 25ஐ மூழ்குதல் தடுப்பு நாளாக்கின. பங்களாதேஷ் வெறும் பேச்சோடு நிற்கவில்லை. 2006இலிருந்து 'ஸ்விம்சேஃப்' என்ற திட்டத்தில் கிராமத்துக் குளத்துக்குள் மூங்கில் மேடை கட்டி, அதன் மேல் பிள்ளைகளை நிறுத்தி நீச்சல் பழக்குகிறார்கள். 25 மீற்றர் நீந்த வேண்டும், 30 விநாடி மிதக்க வேண்டும், அவ்வளவுதான் தேர்ச்சி. பதக்கத்துக்கு அது போதாது, கரையைப் பிடிக்கப் போதும்.

நம் நாட்டிலும் ஒன்றுமே இல்லையென்று சொல்ல முடியாது. 2004 சுனாமிக்குப் பிறகு வெலிகமப் பக்கம் பெண்களுக்கென்றே நீச்சல் வகுப்புகள் நடந்தன. கண்டியிலும் சில பெரிய பாடசாலைகளில் தடாகம் உண்டு, கட்டணம் கட்டினால் தனியார் வகுப்பும் உண்டு. கேள்வி யாருக்கு என்பதில்தான். கழிப்பறைக்கே தண்ணீர் ஒழுங்காக வராத தோட்டப் பாடசாலையில் தடாகம் கேட்பது பகிடியாகத்தான் முடியும். அதனால்தான் துடுப்பு முகாம் என்ற யோசனை எங்களைப் பிடித்துக்கொண்டது. அதற்கு அமைதியான ஒரு நீர்ப்பகுதி, சில சிறு படகுகள், ஒவ்வொரு பிள்ளைக்கும் உடம்புக்குப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட், கயிறு, பயிற்சி பெற்ற ஆட்கள் போதும். இப்படியான முகாம்களில் தொடக்கத்திலேயே படகை வேண்டுமென்றே கவிழ்ப்பார்கள். விழுந்தால் என்ன செய்வது என்பது பழகியபிறகுதான் ஓட்டும் ஆசை. மூழ்குபவரைக் கண்டால் முதலில் கம்பை நீட்டு, எட்டாவிட்டால் கயிறோ மிதக்கும் பொருளோ எறி, அதுவும் முடியாவிட்டால் படகில் போ, குதிப்பது கடைசி என்பதையும் சொல்லிக்கொடுப்பார்கள். செய்தியில் வரும் அந்த இரண்டாவது பெயரைத் தடுப்பது இந்தப் பாடம்தான். சேலை, துப்பட்டா, மூங்கில் எல்லாம் இதற்கு உதவும்.

மகளை அனுப்புவார்களா என்று கேட்பீர்கள். முழு உடுப்போடு, மேலே அங்கியும் போட்டுத்தான் படகில் ஏறுவது. தடாகத்தில் இறங்கத் தயங்கும் வீடுகள் இதற்கு ஓரளவு இறங்கிவரும் என்பது எங்கள் கணிப்பு.

ஆனால் "முகாம்" என்று பதாகை கட்டினால் பாதுகாப்பு வந்துவிடாது. 1993 மார்ச்சில் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில், பிளிமத் நகரிலிருந்து துடுப்புப் பயிற்சிக்குப் போன மாணவர்கள் கடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டு 4 பேர் இறந்தார்கள். நடத்திய நிறுவனத்தின் பணிப்பாளர் சிறைக்குப் போனார். 1995இல் சிறுவர் சாகசப் பயிற்சி நிலையங்களுக்கு உரிமம் கட்டாயம் என்று சட்டம் வந்தது. இங்கே இன்னொரு சாவுக்குக் காத்திராமல் அந்த விதிகளை முதலிலேயே எழுதிக்கொள்ளலாமே.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் பேராதனையையும் கம்பளையையும் மூழ்கடித்தது. கண்டி மாவட்டத்தில் பலரைக் கொண்டுபோனது மண்சரிவு, அதற்கு எந்த நீச்சலும் உதவாது. ஆனால் வெள்ளத்துக்குள் சிக்கியவர்களிடம் படகு வந்தபோது அதில் எப்படி ஏறுவது, எங்கே உட்காருவது என்றே தெரியாமல் இருந்தால்? அதைப் பழகப் பத்து நாள் போதும்.

காலத்தையும் யோசித்தாயிற்று. "சம்மர் கேம்ப்" என்ற சொல் நமக்குப் பொருந்தாது. ஓகஸ்ட் விடுமுறையில் பெரஹரா உண்டு, ஆற்றில் பருவமழைத் தண்ணியும் உண்டு. சரியான நேரம் ஏப்ரல். சித்திரைப் புத்தாண்டு விடுமுறை, தண்ணி குறைவு, வெயில். அதிலும் காலை வேளை மட்டும். பின்னேரம் மேலே இடி முழங்கத் தொடங்கும் மாதம் அது, பகல் பன்னிரண்டுக்கெல்லாம் படகுகளைக் கரையேற்றிக் கவிழ்த்துவைத்துவிட வேண்டும்.