கடல் குடித்த கார்

ஆரணிக்கும் கடலுக்கும் வெகு தூரம். எங்கள் ஊருக்கு வெள்ளம் என்று வந்தால் அது கமண்டல நாகநதியில் வர வேண்டும். அதிலும் அநேக வருஷங்களில் தண்ணீருக்குப் பதில் மணல்தான் தெரியும். அடைமழையில் குழித்தறியின் பள்ளத்தில் நீர் சுரந்து, நெசவாளி காலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து உட்காருவான். எங்களுக்குத் தெரிந்த வெள்ளச் சேதம் அவ்வளவுதான். அப்படிப்பட்ட ஊருக்குக் கடல் வந்தது. நான்கு சக்கரம் பூட்டிக்கொண்டு வந்தது!

என் நண்பர் ஒருவர் பட்டுச் சேலை வியாபாரி. அவருடைய தகப்பனார் காலத்தில் வீட்டில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் இருந்தது. 1961 முதல் சென்னையை அடுத்த தொழிற்சாலையில் தயாரான வண்டி அது. முன்பக்கத்து மூடி முழுவதும் முதலையின் வாயைப் போல் முன்னால் சாய்ந்து திறக்கும். சேலை மூட்டைகளோடு சென்னைக்குப் போய் வந்த அந்த வண்டியில்தான் நண்பர் கார் ஓட்டப் பழகினார். பிறகு அதை விற்றுவிட்டார்கள். அந்த ஏக்கம் மட்டும் அவரை விடவில்லை. 2016-ல் கடலோர நகரம் ஒன்றில் அதே மாதிரி வண்டி ஒன்று அகப்பட்டது. விற்றவர், "ஒரே கை வண்டி, மழையில்கூட நனையாதது" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். சாயம் கண்ணாடியாய் மின்னிற்று. நண்பர் மயங்கிவிட்டார்.

ஆடி வரையில் வண்டி ஒழுங்காக ஓடியது. ஐப்பசி மழை தொடங்கியதும் கதவுகளின் அடியில் அம்மைக் கொப்புளம் போல் சாயம் எழும்பிற்று. ஹாரனை அழுத்தினால் விளக்கு எரிந்தது. மெக்கானிக் தரை விரிப்பைக் கிழித்து, இடுக்குகளைச் சுரண்டிப் பார்த்தார். பொடி மணலும் நொறுங்கிய சிப்பியும் கையில் வந்தன.

"முதலாளி, இந்த வண்டி கடலைப் பாத்திருக்கு. பாத்தது மட்டுமில்ல, குடிச்சிருக்கு" என்றார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. மோட்டாருக்கும் கடலுக்கும் உள்ள இந்தப் பகை எப்போது ஆரம்பித்தது?

யோசித்துப் பார்த்தால், சென்னைக்கு மோட்டார் வந்ததே கடல் வழியாகத்தான். அதற்கு முன் துறைமுகமில்லாத நாளில் சாமான்களை மசூலாப் படகில் ஏற்றி, அலையோடு மல்லுக்கட்டிக் கரை சேர்த்தார்கள். கட்டத் தொடங்கிய துறைமுகத்தையும் 1881 நவம்பரில் வீசிய புயல் நொறுக்கிவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் துறைமுகத்தின் தலைவராக வந்த ஸர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற இன்ஜினீயர்தான் அதன் வாசலைக் கிழக்கிலிருந்து வடகிழக்குக்குத் திருப்பி, அலைக்கும் மணலுக்கும் அணை போட்டார். வேடிக்கையைக் கேளுங்கள்: சென்னையில் எம்.சி. 1 என்ற எண்ணுள்ள கார் இவருடையதுதான்! கடலை வெளியே நிறுத்தப் பாடுபட்ட மனிதரிடமே முதல் எண் வண்டி இருந்தது. எம்.சி. 3, உயர்நீதிமன்றத்தைக் கட்டிய கான்டிராக்டர் நம்பெருமாள் செட்டியாருடையது.

இவர்களுக்கும் முன்பே, 1901-ல், பாரி கம்பெனியின் டைரக்டர் யார்க் என்பவர் அடையாற்றிலிருந்து பாரி முனைக்குத் தினமும் காரில் போய் வந்தார். 1903-ல் சிம்ஸன் கம்பெனியின் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றைச் சென்னையிலேயே செய்து ஓட்டிக் காட்டினார். சிம்ஸன் அதற்கு முன் குதிரை வண்டி கட்டிய கம்பெனி. ஆதிகாலத்துக் கார்களின் உடம்பும் வண்டிப் பட்டறையின் வேலைதான்: மரச் சட்டம், அதன்மேல் தகடு, உள்ளே தோல் மெத்தை, நூல் சுற்றிய மின்கம்பி. தச்சனும் கொல்லனும் தையற்காரனும் சேர்ந்து செய்த பொருள் அது. அதில் ஒன்று கெட்டால் ஒரு யந்திரம் மட்டுமா கெடுகிறது? மூன்று பேருடைய கைவேலை கெடுகிறது.

மழை வெள்ளம் வேறு, கடல் வெள்ளம் வேறு. 2015 டிசம்பரில் அடையாறு பொங்கி, யார்க் துரை கார் ஓட்டிய அதே பக்கத்தில் கார்கள் கூரை வரை முழுகின. சேறும் சாக்கடையும்தான் என்றாலும் அது கழுவினால் போகிற அழுக்கு. 2004 டிசம்பர் 26 காலையில் மெரினாவில் நிறுத்தியிருந்த கார்களைச் சுனாமி சுருட்டி எறிந்ததே, அது உப்பு. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு காயாது. மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கசிவு காரின் மடிப்புக்குள் வருஷக்கணக்காக நடக்கும். காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பை அரிக்கும். இரும்பும் செம்பும் அலுமினியமும் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில் உப்பு நீர் புகுந்தால், அங்கே ஒரு சின்ன பாட்டரியே உண்டாகி ஓர் உலோகம் இன்னொன்றைத் தின்னும்.

அமெரிக்காவில் 2012 அக்டோபரில் சாண்டி புயல் கடலை ஊருக்குள் தள்ளியபோது 2 லட்சத்துக்கும் அதிகமான வண்டிகள் பாழாயின. நியூ ஜெர்ஸி துறைமுகத்தில் நிறுத்தியிருந்த புது மாதிரி மின்சாரக் கார்கள் 16, கடல் நீரில் முழுகிய பிறகு தீப்பற்றி எரிந்தன. 2022 செப்டம்பரில் இயன் புயல் பிளாரிடாக் கரையில் செல்வர்களின் கொட்டகைகளுக்குள் புகுந்து, பொத்திப் பொத்தி வைத்த பழங்கார்களையும் நனைத்தது. அவ்விடத்திலும் நனைந்த வண்டியைத் துடைத்து, வெயிலூருக்குக் கொண்டுபோய் விற்கும் புண்ணியவான்கள் உண்டு. மனித சுபாவத்துக்குத் தேச பேதம் ஏது?

மெக்கானிக் சொன்ன வைத்தியம் எளியது. முழுகின வண்டியின் சாவியைத் திருப்பவே கூடாது. தண்ணீர் பெட்ரோல் ஆவியைப் போல் அமுங்கிக் கொடுக்காது. இன்ஜினின் தண்டுகள்தான் வளைந்து போகும். பாட்டரியைக் கழற்றி, எண்ணெயை வடித்து, உடனே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். 'உடனே' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஜனங்களோ முதலில் மேல்பூச்சைத் துடைத்துப் பளபளப்பாக்குகிறார்கள். உப்பு உள்ளே நிம்மதியாக வேலை செய்கிறது. வியர்வை பட்ட பட்டுச் சேலையை ஆற வைக்காமல் மடித்துப் பெட்டியில் போட்டால் ஜரிகை கறுக்கும் என்று எங்கள் ஊர்ப் பாட்டிமார் சொல்வதும் இதே பாடந்தான்.

ஹெரால்டுக்கு ஒரு சௌகரியம். அடிச்சட்டம் தனி, உடம்பு தனி. பிரித்து எடுத்துவிடலாம். ஆனால் செலவு, வண்டியை வாங்கிய விலைக்கு மேல் போகும் என்று கணக்குப் போட்டார்கள். கூட இருந்த ஒருவர், "இதென்ன தொல்லை? மறுபடி சாயம் அடித்து, வேலூர்ப் பக்கம் யாருக்காவது தள்ளிவிடுங்கள் அண்ணே" என்றார்.

நண்பர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இழை அறுந்த இடத்தை மடிப்புக்குள்ள மறைச்சு ஒரு சேலைகூட எங்கப்பா வித்ததில்ல. அவர் ஞாபகத்துக்கு வாங்கின வண்டியை நான் அப்படி விக்கறதா?" என்றார்.

பிரித்தார்கள். கழுவத் தண்ணீர் வேண்டுமே! போர் தண்ணீரை மெக்கானிக் தொட மறுத்துவிட்டார், அதிலும் உப்பாம். சாயத் தொழிலுக்கு எந்தக் கிணற்றுத் தண்ணீர் ஒத்துக்கொள்ளும் என்று தெரிந்த பெரியவர் ஒருவர் கிணறு ஒன்றைக் காட்டினார். அங்கிருந்து டிரம் டிரம்மாக நீர் வந்தது. கழுவிய நீரை அந்தப் பெரியவர் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார், கரிக்கிறது என்று தலையை ஆட்டுவார், மறுபடி கழுவுவார்கள்.

இப்போது அந்த ஹெரால்டு தறிக் கொட்டகையை அடுத்த தாழ்வாரத்தில் உடம்பு வேறு, சட்டம் வேறாக நிற்கிறது. அரித்த பாகங்கள் ஒவ்வொன்றாக மாறி வருகின்றன. என்று ஓடும் என்று நான் கேட்பதில்லை. போன மாதம் போயிருந்தபோது பெரியவர் சட்டத்தில் வழிந்த நீரைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டார். இந்தத் தடவை தலையை ஆட்டவில்லை. "நல்ல தண்ணி" என்றார்.