உள்ளங்காலில் உடைந்த ரத்தம்

1881ல் ஃப்ளெய்ஷர் என்ற ஜெர்மானிய மருத்துவர் ஓர் இளம் படைவீரனைப் பற்றி எழுதினார். நெடுநடை போய் வந்தால் அவனுக்குச் சிறுநீர் கறுஞ்சிவப்பாகப் போகிறது. சிறுநீரில் ரத்தம் என்றால் யாருக்கும் வயிறு கலங்கும். ஆனால் அதில் முழுச் சிவப்பணுக்கள் இல்லை, ஹீமோகுளோபின் மட்டும்தான். அதாவது அணுக்கள் ரத்தக் குழாய்க்குள்ளேயே உடைந்திருக்கின்றன.

ஏன் உடைந்தன? அடுத்த எண்பது வருஷம் மருத்துவர்கள் உடம்புக்குள்ளேயே தேடினார்கள். சிறுநீரகத்தைச் சந்தேகித்தார்கள், முதுகெலும்பின் வளைவைச் சந்தேகித்தார்கள், ரத்தத்திலேயே ஏதோ குறை என்றார்கள். மென்பொருள் எழுதுகிறவனாக இது எனக்கு ரொம்பப் பழக்கமான தவறு. கோடை மூணு நாள் புரட்டிப் பார்ப்போம், கோளாறு அது ஓடுகிற சர்வரில் இருக்கும்.

சிவப்பணு லேசில் உடையிற பொருளும் இல்லை. எட்டு மைக்ரான் அகலத் தட்டு, அதைவிடக் குறுகலான நுண்குழாய்க்குள் மடிந்து நுழைந்து, வெளியே வந்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். பாதி நிரப்பிய தண்ணீர்ப் பை மாதிரி அது. உள்ளிருக்கும் சரக்கை உருண்டையாகக் கட்டத் தேவைப்படுவதைவிடச் சுமார் 40 சதவீதம் அதிகத் தோல் அதற்கு உண்டு. அந்த உபரியை வைத்துத்தான் இத்தனை வளைவும் நெளிவும். ஆனால் தோலின் பரப்பையே இழுத்துப் பெரிதாக்கப் பார்த்தால் கதை வேறு: மூன்று நான்கு சதவீதத்திலேயே கிழிந்துவிடும். வளைய விடும், விரிய விடாது. பொறியியல் கல்லூரியில் படித்த எந்தப் பொருளும் இப்படி நடந்துகொண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

1964ல் டேவிட்சன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இதே தொல்லை இருந்த ஓட்டக்காரர்களை ஆராய்ந்தார். அவர் பார்த்தது காலணியை, ஓடும் தரையை. கெட்டியான தரையில் ஓடினால் சிறுநீர் சிவக்கிறது. காலணிக்குள் மெத்தென்ற உள்தாள் வைத்தால் நிற்கிறது. ஒவ்வொரு அடியிலும் பாதத்தின் நுண்குழாய்களில் இருக்கும் அணுக்கள் தரைக்கும் எலும்புக்கும் நடுவில் நசுங்குகின்றன. உபரித் தோல் தீர்ந்த அணு கிழிகிறது. சிந்தின ஹீமோகுளோபினைக் கட்டிப்பிடிக்க ரத்தத்தில் ஒரு புரதம் உண்டு. அதுவும் தீர்ந்துபோனால்தான் மிச்சம் சிறுநீரில் வரும்.

பின்னாளில் கராத்தே பயில்பவர்களிடமும், கையால் தட்டி வாசிக்கும் கோங்கா மேளக்காரர்களிடமும் இதே சிவப்புச் சிறுநீரைக் கண்டார்கள். அங்கே அடி வாங்கியது கை.