பொருளை மாற்றினாலும் பார்வை மாறாது

தமிழ்நாட்டில் அரசு அலுவலகக் கடிதம் எதைப் பிரித்தாலும் தொடக்கத்திலேயே இரண்டு வரிகள் நிற்கும்: 'பொருள்', 'பார்வை'. முன்னது சங்கதி என்ன என்று சொல்லும். பின்னது, இதற்கு முன் வந்த கடிதத்தின் எண்ணும் நாளும். எந்தக் கோப்பில் சேர்ப்பது என்று தேடும் எழுத்தருக்குக் கைகொடுப்பது பார்வைதான். மின்னஞ்சலுக்கும் ஒரு பார்வை உண்டு. அது கண்ணில் படாது, அவ்வளவுதான்.

1971இல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து பக்கத்துக் கணினிக்கு அஞ்சல் அனுப்பியபோது இந்தப் பார்வை இல்லை. 1975இல் ஜான் விட்டல் எழுதிய 'எம்எஸ்ஜி' நிரலில் 'ஆன்சர்' கட்டளை வந்தது. இன்றைய ரிப்ளை பொத்தானுக்குப் பாட்டன். 1977 நவம்பரில் விட்டல் உள்ளிட்ட நால்வர் எழுதிய, மின்னஞ்சல் அமைப்பை வகுக்கும் ஆர்எஃப்சி 733 ஆவணத்தில், அஞ்சலுக்கு அடையாள எண்ணும், முந்தைய அஞ்சல்களின் எண்களைச் சொல்லும் 'ரெஃபரன்சஸ்' என்ற வரியும் இடம்பெற்றன. பெயரிலேயே பார்வை இருக்கிறது.

ஆனால் ஒழுங்கைக் கறாராக வகுத்தது, கணினி விவாதக் குழுக்களின் வலையான யூஸ்நெட். மார்க் ஹார்ட்டன் 1983இல் எழுதிய ஆர்எஃப்சி 850, பதில் எழுதினால் ரெஃபரன்சஸ் வரி கட்டாயம் என்றது. புதிய பொருளைத் தொடங்கினால் அந்த வரி கூடவே கூடாது என்றது. இன்று மரியாதை என்று சொல்லப்படுவது, அன்றைக்கே எழுதப்பட்ட விதி.

விதியைக் கெடுத்தது சோம்பல். பத்துப் பேரின் முகவரியை யார் தட்டுவது? பழைய அஞ்சலைத் திறந்து ரிப்ளை அழுத்தி, 'சுற்றுலாப் பேருந்து' என்ற பொருளை அழித்து 'சம்பளத் தேதி மாற்றம்' என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். பொருள் மாறியது, ரிப்ளை தானாகச் சேர்த்த பார்வை மாறவில்லை.

1990களில் நெட்ஸ்கேப் அஞ்சல் நிரலுக்காக ஜேமி ஸவின்ஸ்கி, அஞ்சல்களின் அடையாள எண்களைக் கோத்து உரையாடலை மரம்போலக் காட்டும் முறையை எழுதினார். அதன்பின் குட்டு வெளிப்பட்டது. தண்டர்பேர்ட் அஞ்சல் நிரலில் அந்தச் சம்பள அஞ்சல் பேருந்துப் பேச்சின் கிளையாகத் தொங்கும். சுற்றுலாவுக்கு வராதவர் அந்த உரையாடல் இழையை மடக்கி வைத்திருப்பார். சம்பளச் செய்தி அவர் கண்ணிலேயே படாது.

2004 ஏப்ரல் 1இல் வந்த ஜிமெயில், பொருள் மாறினால் இழையைத் துண்டித்துத் தனியாகக் காட்டுகிறது. நல்லதுதான். ஆனால் அதனாலேயே அனுப்பியவருக்குத் தன் பிழை தெரிவதில்லை.

புதுப் பேச்சு என்றால் 'கம்போஸ்' அழுத்துங்கள். முகவரிகள் வேண்டுமென்றால் பழைய அஞ்சலிலிருந்து நகலெடுத்துக்கொள்ளலாம்.