அங்காடியும் அறமும்

சங்கரன்கோவிலுக்கு வடகிழக்கே கரிசல் நிலத்தில் அமைந்த பேரூர் திருவேங்கடம். சுற்றியுள்ள சிற்றூர் மக்கள் விதைக்கும் உரத்துக்கும், துணிக்கும் மளிகைக்கும் நாடி வரும் ஊர் இது. இதற்குத் தெற்கே அண்மையில் நிற்கும் கழுகுமலையில், எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்துத் தீர்த்தங்கரர் திருமேனிகளும் அவற்றைச் செய்வித்தோர் பெயர்களும் பாறையில் நிலைத்துள்ளன. அறம் வளர்த்த இந்த மண்ணில் வணிகமும் உடன் வளர்ந்தது. ஆகவே, சிறுகடைக்கு ஊர் என்ன செய்ய வேண்டும் என்ற வினா இங்குப் புதியதன்று.

மதுரையை அடுத்த மாங்குளத்துக் குகைக் கல்வெட்டுகள் தமிழின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் அடங்கும். நெடுஞ்செழியன் காலத்தைச் சேர்ந்த அவற்றுள் வெள்ளறை நிகமத்தார் அளித்த கொடை குறிக்கப்படுகிறது. நிகமம் என்பது வணிகர் குழு. அழகர்மலைக் கல்வெட்டுகளிலோ உப்பு வணிகன், கொழு வணிகன், பாணித வணிகன் என்று கொடையாளர் தம் தொழிலோடு பெயர் பொறித்துள்ளனர். கொழு என்பது ஏர்முனை இரும்பு. பாணிதம் என்பது வெல்லப்பாகு. இவர்கள் கடல் கடந்து முத்தும் மிளகும் விற்ற பெருவணிகர் அல்லர். அன்றாடப் பண்டங்களை விற்றவர்கள். துறவியர்க்குக் கற்படுக்கை அமைத்துத் தரும் அளவுக்கு அவர்களிடம் பொருளும் இருந்தது. ஊரில் மதிப்பும் இருந்தது.

அம்மதிப்பைக் காத்தது நகரத்தின் ஒழுங்கு. மதுரைக்காஞ்சி பகலில் கூடும் நாளங்காடியையும் மாலையில் கூடும் அல்லங்காடியையும் தனித்தனியே காட்டுகிறது. இளங்கோவடிகளின் சிலப்பதிகாரத்தில், புகாரின் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே மரங்கள் அடர்ந்த பொதுவெளியில் நாளங்காடி நடைபெறுகிறது. மதுரையின் பொற்கடை வீதியில் பொன்னின் வகையறிந்து வாங்குவதற்காகக் கொடிகள் கட்டப்பட்டிருந்தன. புகாரில் பண்டப் பொதிகள் பெயரும் அளவும் எழுதப்பட்டு, பூட்டும் கதவும் இல்லாத வெளியில் கிடந்ததாகவும் அக்காப்பியம் கூறுகிறது. இடம், அடையாளம், காவல் ஆகிய இம்மூன்றையும் நகரமே வணிகர்க்கு அளித்தது என்பது இவற்றால் விளங்கும்.

இதற்கு ஈடாக வணிகரிடமிருந்து எதிர்பார்க்கப்பட்டது நேர்மை. கள்ளாமை என்னும் நோன்பைச் சொல்லும் சமண நூல்கள், குறைந்த அளவால் கொடுப்பதையும் மிகுந்த அளவால் கொள்வதையும் அந்நோன்புக்கு நேரும் குற்றங்களாக எண்ணுகின்றன. துலாக்கோல் ஏமாற்றும் களவே என்பது அவற்றின் துணிபு.

சோழர் காலத்தில் வணிகர் ஊர்கள் நகரம் என்ற பெயரில் தம்மைத் தாமே ஆண்டன. முதற் குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்த சோழன் எனப் புகழப்பட்டான். வரியை நீக்கியதே ஒரு வேந்தனுக்கு நிலைத்த பெயராகியது என்றால், அவ்வரி மக்களை எவ்வளவு அழுத்தியிருக்க வேண்டும்!

ஆங்கிலேயர் ஆட்சியில் இயற்றப்பட்ட 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம் பொதுச் சந்தை, தனியார் சந்தை எனப் பிரித்து, சந்தை அமைத்துக் கட்டணம் பெறும் உரிமையை நகராட்சிகளுக்கு அளித்தது. கட்டணம் வசூலிக்கும் உரிமையை ஆண்டுதோறும் ஏலம் விடும் வழக்கமும் ஊர்கள் பலவற்றில் வேரூன்றியது. ஊருக்கு வருவாய் கிட்டிற்று. எனினும், குத்தகை எடுத்தவர் செலுத்திய தொகை இறுதியில் கூடைக்காரியின் முந்தானை முடிச்சிலிருந்தே வர வேண்டியதாயிற்று.

இதற்கு மாற்றாக அமைந்தது உழவர் சந்தை. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. கடைக்கு வாடகை இல்லை, தராசு இலவசம், இடைத்தரகர்க்கு இடமில்லை. விளைவித்தவரும் வாங்குபவரும் நேர்முகமாகச் சந்தித்தனர். பொது இடத்தை முறையாக அளிப்பதே பேருதவி என்பது அதனால் மெய்ப்பட்டது.

2014ஆம் ஆண்டுத் தெருவோர வணிகர் சட்டம் இன்னும் ஒரு படி முன்னே சென்றது. வணிகரைக் கணக்கெடுத்துச் சான்று வழங்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தலாகாது என்கிறது அச்சட்டம். நகர விற்பனைக் குழுவில் குறைந்தது நூற்றுக்கு 40 பேர் தெருவோர வணிகராலேயே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருத்தல் வேண்டும். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்துவரும் சந்தை மரபுச் சந்தை எனப் போற்றப்படும்.

சட்டம் ஏட்டில் இருப்பது போதாது. சாலை அகலப்படும்போதும் பேருந்து நிலையம் இடம் மாறும்போதும் முதலில் பெயர்க்கப்படுவது சிறுகடையே. கைப்பேசியில் பொருள் வரவழைக்கும் வழக்கமும் இன்று சிற்றூர் வரை எட்டிவிட்டது. ஆயினும், மழை பொய்த்த ஆண்டில் அறுவடை வரை கடன் பொறுப்பது தெருமுனை மளிகைக் கடைதான். இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் கதவைத் தட்டக்கூடியதும் அதே தெருவின் மருந்துக்கடைதான். அக்கடைகள் மூடப்பட்டால் ஊர் இழப்பது ஒரு பெயர்ப்பலகையை மட்டுமன்று. இடர்க்காலத்தில் தாங்கும் ஒரு கையையும் இழக்கும்.

நிழலுள்ள இடமும், குடிநீரும், கழிப்பிடமும், நியாயமான கட்டணமும் அளிப்பது பேரூராட்சியின் கடமை. சரியான எடை வணிகரின் கடமை. அருகிலிருக்கும் கடையை மறவாமை மக்களின் கடமை. உப்பு விற்றவனின் பெயர் ஈராயிரம் ஆண்டுகளாக அழகர்மலைப் பாறையில் நின்று வருகிறது. இன்று உப்பு விற்பவரின் பெயர் ஊராட்சியின் பதிவேட்டிலாவது நிற்க வேண்டுமன்றோ!